வெட்டிக் கொடுத்த இரண்டு பக்கங்கள்

என்னோடு அரசியல் அறிவியல் முதுகலை படித்த தோழன் ஒருவன் இந்த ஆண்டு சித்திரை மாதம் சாலை விபத்தில் இறந்துபோனான். ஊரில் அவன் நடத்திவந்த மாலைநேரப் படிப்பகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. படத்திறப்பு முடிந்த அன்று இரவே எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பேச்சு எழுந்தது. அவன் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும். 31 பேர், தலைக்கு 2,000 ரூபாய் என்று 62,000 ரூபாய் சேர்ந்தது. அரசியல் படிக்கும் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நினைவுக் கட்டுரைப் பரிசு என்று முடிவானது. விதிமுறைகளை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரே பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் இழுத்தது. காரணம் என்னுடைய பழைய கதை ஒன்று.

இளங்கலை இரண்டாம் ஆண்டில் ஒரு நினைவுக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள் நான். ஒரு தொழில் குடும்பம் தங்கள் வீட்டுப் பெரியவர் பெயரில் வைத்திருந்த பரிசு. 5,000 ரூபாய். கிராமமும் ஜனநாயகமும் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். 12 பக்கம் எழுதினேன். அதில் இரண்டு பக்கம் எங்கள் ஊர் ஊராட்சியைப் பற்றியது. தனித்தொகுதியில் வென்று தலைவரான எங்கள் தெருப் பெரியப்பா, ஐந்து ஆண்டும் அலுவலக நாற்காலியில் ஒருநாள்கூட உட்காரவில்லை. தீர்மானப் புத்தகம் துணைத் தலைவர் வீட்டில் இருக்கும். பெரியப்பா அங்கே போய், திண்ணைக்குக் கீழே நின்று, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்ட மாநிலத்தில் இதையெல்லாம் யாரும் பெரிய செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஜனநாயகம் அந்தத் திண்ணைதான். அதனால் எழுதினேன்.

முடிவு வருவதற்கு முன்னால் நடுவர் ஒருவர் போனில் கூப்பிட்டார். அன்பாகத்தான் பேசினார். “நல்லா எழுதியிருக்கேம்மா. ஆனா அந்த ரெண்டு பக்கம் சொந்தக் கதை மாதிரி இருக்கு. கட்டுரையோட தரம் குறையுது. எடுத்துட்டுக் குடுத்தா ஃபர்ஸ்ட் பிரைஸ் உனக்குத்தான்.” தேர்வுக் கட்டணம் கட்ட நாலு நாள் இருந்தது. எடுத்துவிட்டுக் கொடுத்தேன்.

விழாவுக்கு அப்பா அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் என் கட்டுரையைப் பற்றி ஒரு வரிகூட யாரும் பேசவில்லை. ‘ஏழைக் கூலித் தொழிலாளியின் மகள்’ என்று மைக்கில் சொன்னார்கள், கைதட்டல் எழுந்தது. அட்டையில் செய்த பெரிய காசோலையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா வெகுநேரம் பேசவில்லை. எங்கள் ஸ்டாப்பிங் வருவதற்கு முன்னால் கேட்டார்: “ஏம்மா, நீ எழுதுனதுக்குக் குடுத்தாங்களா, நாம இல்லாதப்பட்டதுக்குக் குடுத்தாங்களா?”

பதில் சொல்லவில்லை. விழா மலரில் அச்சான அந்தக் கட்டுரையைப் பெரியப்பாவிடம் காட்டவும் இல்லை.

இதை ஒரு தனிமனிதக் குற்றவுணர்ச்சியாகச் சொல்லிக்கொண்டிருக்க விருப்பமில்லை. நினைவுப் பரிசும் உதவித்தொகையும் நம்மிடம் பணத்துக்கு ஈடாக எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. சில நேரம் நன்றியை, சில நேரம் வறுமையின் அழகான ஒரு படத்தை. அரசியல் படிக்கிற மாணவர்களிடம் கூடுதலாக இன்னொன்றையும் கேட்கின்றன: எதை எழுதாமல் விட வேண்டும் என்பதை. வேதியியல் படிக்கும் பிள்ளைக்கு இந்தத் தொல்லை குறைவு. உப்பின் கரைதிறனை எழுதினால் எந்தப் புரவலருக்கும் முகம் சுருங்காது. அரசியல் படிப்பவர் தன் ஊரை நேர்மையாக எழுதினால், முன்வரிசையில் இருக்கும் யாரோ ஒருவர் அந்தக் கட்டுரைக்குள்ளும் இருப்பார்.

மாணவர் கட்டுரை என்றால் ஏதோ பயிற்சி வேலை என்று நினைப்பவர்கள் நம்மிடமும் உண்டு. சாதி எதிர்ப்பு எழுத்தின் வரலாற்றில் அது அவ்வளவு சின்ன இடத்தில் இல்லை. ஜோதிராவ், சாவித்திரிபாய் புலே நடத்திய பள்ளியில் மூன்று ஆண்டு படித்திருந்த, மாங் சாதியில் பிறந்த 14 வயதுச் சிறுமி முக்தா சால்வே, மாங், மகார் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1855-இல் ‘ஞானோதய’ இதழில் வந்தது. வேதம் பார்ப்பனர்களுக்கு மட்டும் உரியது என்றால் எங்களுக்கு என்ன மதம் என்று கேட்கிற கட்டுரை அது. அந்தச் சிறுமியைக் கூப்பிட்டு ‘சொந்தக் கதையை எடுத்துவிடு’ என்று எந்த நடுவரும் சொல்லியிருந்தால் நம்மிடம் என்ன மிஞ்சியிருக்கும்?

அடுத்தது நம் எல்லோருக்கும் தெரிந்த மாணவர். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் படிக்க மாதம் 25 ரூபாய் கொடுத்த பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட், 1913-இல் அம்பேத்கருக்கு அமெரிக்கா போகவும் உதவித்தொகை கொடுத்தார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. குறிப்பிட்ட பாடங்களைப் படிக்க வேண்டும், திரும்பி வந்து 10 ஆண்டு பரோடா அரசில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரம் படிக்கப் போன அந்த இளைஞர், 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் போய், இந்தியாவில் சாதிகள் எப்படி இயங்குகின்றன, எப்படித் தோன்றின, எப்படி வளர்ந்தன என்று ஒரு கட்டுரை வாசித்தார். வயது 25. அகமணமுறைதான் சாதியின் உயிர்நிலை, அதைக் காப்பாற்றத்தான் உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் எல்லாம் வந்தன என்பது அதன் வாதம். இன்றும் ஆணவக்கொலை நடக்கும்போதெல்லாம் நாம் திரும்பப் போய் நிற்கிற வாதம். அது ஒரு மாணவரின் கருத்தரங்கக் கட்டுரை. யாரோ கொடுத்த உதவித்தொகையில் சாப்பிட்டுக்கொண்டு எழுதியது.

கெய்க்வாட் செய்த உதவியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்து, லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிய அம்பேத்கர் ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கியவரைத் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். பணம் கொடுத்த அரசால் ஒரு அறை கொடுக்க முடியவில்லை. மீதிப் படிப்பை முடிக்க 1920-இல் மறுபடி லண்டன் போனபோது, தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசும், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், ஒரு நண்பரிடம் வாங்கிய கடனும்தான் கைகொடுத்தன.

நூறாண்டு தள்ளி வருவோம். பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாடு போய்ப் படிக்க ஒன்றிய அரசு 1954-55 முதல் நடத்திவரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் அதன் வழிகாட்டுதலை மாற்றியது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இனிமேல் உதவித்தொகை கிடையாது. அதற்கெல்லாம் வேண்டிய வளம் உள்நாட்டிலேயே இருக்கிறது என்றார்கள். இருக்கலாம். ஆனால் கொலம்பியாவில் வாசிக்கப்பட்ட அந்தக் கட்டுரை, இந்த விதியின்கீழ் தகுதியிழந்த கட்டுரை. சமூகநீதி என்ற பெயரைத் தாங்கிய அமைச்சகம், சேரியிலிருந்து கிளம்புகிற மாணவரிடம் சொல்கிறது: போ, படி, ஆனால் சாதியைப் பற்றிப் படிக்காதே. எனக்கு வந்த போன் நினைவுக்கு வந்தது. அது ஒரு நடுவரின் குரல். இது அரசிதழ் மொழி. கேட்பது அதே இரண்டு பக்கத்தைத்தான்.

தலைப்பில் தப்பித்தாலும் பணத்தில் மாட்டிக்கொள்வோம். 2025-26ஆம் ஆண்டுக்கு அதே திட்டத்தில் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் வந்தது. மற்றவர்கள் நிதி இருந்தால் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டியதாயிற்று. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை 2022 டிசம்பரில் ஒரேயடியாக நிறுத்தினார்கள். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று நம்மை விட்டுப் போனபோது, அவருக்கு வர வேண்டிய ஏழு மாத உதவித்தொகை 1,75,000 ரூபாய் நிலுவையில் இருந்தது. அவர் கடைசியாக எழுதிய கடிதத்தில் அந்தக் கணக்கும் இருக்கிறது, அதில் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பதும் இருக்கிறது. ரோகித்தின் கடிதத்தை மேடைகளில் வாசிக்கிற நாம், அந்தக் கணக்கு வரிகளைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடுகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நட்சத்திரங்களைப் பற்றிய பகுதியைத்தான் சுவரொட்டியில் போடுகிறோம். விடுதியில் இருப்பவர்களைக் கேளுங்கள், மெஸ் பில் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள்.

அரசியல் படிக்கும் மாணவர்களுக்கான நினைவுப் பரிசு என்றால் எனக்கு எப்போதும் தோன்றும் இன்னொரு பெயர் ரால்ஃப் பன்ச். அமெரிக்கக் கறுப்பினத்தவர். 1927-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பட்டம் முடித்தவருக்கு ஹார்வர்டில் அரசியல் அறிவியல் முதுகலை படிக்க இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. அது மட்டும் போதாது. லாஸ் ஏஞ்சல்ஸ் கறுப்பின மக்கள் தங்களுக்குள் வசூல் செய்து 1,000 டாலர் திரட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் போனவர்தான் 1934-இல், மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு ஆட்சி எப்படி நடந்தது என்ற ஆய்வுக்கு டாக்டர் பட்டம் வாங்கினார், ஆண்டின் சிறந்த ஆய்வேடு என்று ஹார்வர்டின் பரிசும் வாங்கினார். வெள்ளையர் நிரம்பிய பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து காலனி ஆட்சியைக் கூறுபோட்டு எழுதினார். 1950-இல் நோபல் அமைதிப் பரிசு. அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவரும் அவர்தான். அந்தச் சங்கம் இன்று அவர் பெயரில் ஒரு நூல் விருது கொடுக்கிறது. ஆய்வுப் படிப்புக்குள் அதிகம் வராத சமூகங்களின் இளங்கலை மாணவர்களுக்கு 1986-இல் தொடங்கிய கோடைக்காலப் பயிற்சியும் இப்போது அவர் பெயரில்தான் நடக்கிறது.

சங்கம் கொடுக்கும் விருதைவிட அந்த ஆயிரம் டாலர் என்னை அதிகம் இழுக்கிறது. வசூல் கொடுத்தவர்களில் பலர் தங்கள் வாழ்நாளில் ஹார்வர்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் 62,000 அந்தச் சாதியைச் சேர்ந்த பணம் என்று (சாதி என்ற சொல்லை இந்த ஒருமுறை நல்ல பொருளில் பயன்படுத்திக்கொள்கிறேன்) எனக்கு ஒரு பெருமிதம் வந்தது. 31 பேரில் ஒன்பது பேருக்கு இன்னும் நிரந்தர வேலை கிடையாது. நானே கௌரவ விரிவுரையாளர். எங்களுக்குச் சம்பளம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும் என்பது தமிழ்நாடறிந்த நகைச்சுவை.

பெருமிதம் குழுக் கூட்டம் வரைதான் நின்றது. முதல் சண்டை பணத்தை எப்படி வைப்பது என்பதில். வழக்கமான அறக்கட்டளை முறை என்றால் முதலை வங்கியில் போட்டுவிட்டு வட்டியில் பரிசு கொடுக்க வேண்டும். ஏழு சதவீதம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 4,340 ரூபாய். நான் படித்த கல்லூரியில் 1970களில் யாரோ நல்ல மனதோடு வைத்த ஒரு பரிசு இன்றும் 75 ரூபாய் கொடுக்கிறது. வாங்கப் போகும் பஸ் செலவு அதைவிட அதிகம். பெயர் நிலைத்திருக்கிறது, பரிசு எப்போதோ செத்துவிட்டது. நான் சொன்னேன்: ஆண்டுக்கு மூன்று பேர், தலைக்கு 5,000. நான்கு ஆண்டில் முதல் தீர்ந்துவிடும். தீரட்டும். அப்புறம் வசூல் செய்ய முடிந்தால் தொடரலாம்.

இதை எதிர்த்தவர் எங்கள் தோழனின் அக்கா. குழுவில் அவரையும் சேர்த்திருந்தோம். “நாலு வருஷத்துல அவன் பேரு முடிஞ்சிடுமா? ரேஷன் கார்டுல எடுத்தாச்சு. ஓட்டர் லிஸ்ட்லயும் எடுத்துடுவாங்க. இதுலயாவது இருக்கட்டும்னுதானே கேக்குறேன்.” என்னிடம் அதற்கு வாதம் இல்லை. கணக்கு மட்டும்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்து அவரே போன் பண்ணினார். “சரி தங்கச்சி, செலவு பண்ணிடலாம். அவனும் கையில வச்சுக்கிட்டா இருந்தான்?” என்றார். பரிசு அறிவிப்பில் அவன் போட்டோ இருக்க வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. போட்டிருக்கிறோம்.

பரிசு வாங்குகிறவர்கள் போட்டோ கிடையாது. இது இரண்டாவது சண்டை. நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா என்றார் ஒரு தோழர். நியாயமான கேள்வி. வங்கிக் கணக்கு விவரத்தை 31 பேருக்கும் அனுப்பினால் கணக்குக் காட்டியதாகிவிடும், பிள்ளையின் முகம் எதற்கு? சான்றிதழ் விஷயத்திலும் இதே இழுபறி. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று பழக்கதோஷத்தில் பட்டியல் போட்டுவிட்டோம். மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்று நிரூபிக்க, கூலி வேலைக்குப் போகிற அம்மா எத்தனை நாள் தாலுகா ஆபீஸுக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைகிறார் என்பது எங்களில் பாதிப் பேருக்குச் சொந்த அனுபவம். 5,000 ரூபாய்க்கு இன்னொரு முறை அலையவிட வேண்டுமா? வகுப்பாசிரியரோ விடுதித் தோழர் ஒருவரோ எழுதித் தரும் நாலு வரி போதும் என்று முடிவு செய்தோம். யாராவது ஏமாற்றினால்? ஏமாற்றட்டும். ஒரு வசதியான வீட்டுப் பிள்ளை 5,000 ரூபாயை ஏமாற்றி வாங்குவதால் வரும் நட்டத்தை எங்களால் தாங்க முடியும்.

மூன்றாவது, தலைப்பு. ‘சாதியற்ற சமுதாயம் படைப்பதில் மாணவர் பங்கு’ என்று ஒருவர் எழுதி அனுப்பினார். இந்தத் தலைப்பில் நானே பள்ளியில் மூன்று முறை எழுதி, மூன்று எவர்சில்வர் டிபன்பாக்ஸ் வாங்கியிருக்கிறேன். சாதியைப் பார்க்காமலேயே எழுதிவிடக்கூடிய தலைப்பு அது. தலைப்பே வேண்டாம், உங்கள் ஊரில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று எழுதுங்கள் என்று மட்டும் போட்டோம். பேச்சுத் தமிழில் எழுதலாம். நடுவர்களுக்குப் பெயரும் கல்லூரியும் தெரியாது. கட்டுரையில் ஒரு வரியை எடுக்க வேண்டுமென்றாலும் எழுதியவர் சம்மதிக்க வேண்டும், சம்மதிக்க மறுப்பதால் பரிசு மாறக்கூடாது. பரிசு கிடைக்காதவர்களுக்கும், கட்டுரையில் எது வலுவாக இருக்கிறது, எங்கே வாதம் நொண்டுகிறது என்று இரண்டு பக்கம் பதில் எழுதி அனுப்ப வேண்டும். நடுவர்கள் இதற்குத்தான் அதிகம் முனகினார்கள்.

வரியை எடுக்கும் விதியைப் பற்றிப் பேசும்போது ஒரு தோழர் கேட்டார்: “1936-ல ஜாத்-பட்-தோடக் மண்டல்காரங்க உரையில சில பகுதிய எடுக்கச் சொன்னப்ப அம்பேத்கர் ஒரு காற்புள்ளியக்கூட மாத்த மாட்டேன்னு நின்னார்ல? எழுதறவங்களுக்கு அந்த உறுதி வேணும். விதியா போட்டுக் குடுக்கணும்?” லாகூர் மாநாடே ரத்தானது, அம்பேத்கர் தன் சொந்தச் செலவில் அந்த உரையை அச்சிட்டார், பெரியாரின் குடிஅரசு வழியாக அது தமிழுக்கும் வந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரிந்த வரலாறு. அப்போது அவருக்கு 45 வயது. பாரிஸ்டர். அச்சுக்கூலி கொடுக்க அவரிடம் பணம் இருந்தது. எனக்கு 19. தேர்வுக் கட்டணம் கட்ட நாலு நாள். உறுதி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவரின் உறுதியைச் சோதிக்கிற இடத்தில் நாம் போய் உட்காரக்கூடாது என்பதுதான் என் கட்சி. அதையும் ஒரு வரியாக விதியில் சேர்த்தோம்: பணம் தேர்வுக் கட்டணக் கடைசித் தேதிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

கட்டுரைகள் வரத் தொடங்கிவிட்டன. நேற்று வந்தது கையெழுத்துப் பிரதி, கோடு போட்ட தாளில் 11 பக்கம். அவர்கள் ஊர்ச் சுடுகாட்டுப் பாதை யார் வயல் வழியாகப் போகிறது, வட்டாட்சியர் போட்ட அமைதிக் கூட்டத்தில் யார் யார் நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறார். கடைசித் தாளில் பென்சிலால் ஒரு கேள்வி: பரிசு கிடைத்தால் என் பெயர் போடாமல் வெளியிட முடியுமா, ஊர்ப் பெயர் மட்டும் இருக்க வேண்டும்.

முடியும் என்று இன்று காலை பதில் எழுதிவிட்டேன். அந்த 11 பக்கத்தில் ஒரு நகல் எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.